அந்த ஒரு வரிக்கு வெளியே ஓர் ஊர்: வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல் எண் 31100. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் பழைய சாலையில் போயிருந்தால் எங்கள் ஊருக்குள் புகுந்துதான் போயிருப்பீர்கள். நெடுஞ்சாலையில் போயிருந்தால் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன். அதே தோட்டத்தின் ஸ்டோரில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அது இப்போது வேறு ஆட்கள் கையில்.

போன மாதம் என் பேத்தி படிவம் நான்கு வரலாற்றுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "தாத்தா, நம்ம ஊரு பேரு புக்குல இருக்கு!" ஏதோ லாட்டரி அடித்த மாதிரி சிரிப்பு. உட்கார்ந்து மலாயில் வாசித்துக் காட்டினாள். 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட், மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்து பிரிக்ஸ் திட்டம் வந்துவிட்டது, அதற்கு அடுத்து பிரிட்டிஷ் ஹைகமிஷனர் டெம்ப்ளர். நம் ஊர் திரும்ப வரவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "அந்த மூணு பேரைச் சுட்டப்ப நம்ம ஆளுங்க எங்க இருந்தாங்க தாத்தா?"

பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரலாற்றுப் பாடத்தில் தேறாவிட்டால் படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழே கிடையாது என்று 2013-இலிருந்து விதி இருக்கிறது. அதனால் இந்த நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கள் ஊர் பெயரை ஒரு தடவையாவது மனப்பாடம் செய்கிறது. அந்த ஒரு வரியை எழுதுகிறவர்கள் நீங்கள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஊர் எங்கே, எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். இடம் புரியாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது. ஈப்போவுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறோம். 'சிப்புட்' என்றால் நத்தை, ஊரே நத்தை ஆறு. ரயில் தண்டவாளமும் பெரிய சாலையும் ஊரைத் தொட்டுக்கொண்டு போகின்றன. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடர். அங்கிருந்து பிலுஸ் ஆறு இறங்கி வந்து மேற்கே பேராக் ஆற்றில் விழுகிறது. ஊரை விட்டுக் கிழக்கே லிந்தாங், லாசா பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் தோட்டம், தோட்டம், தோட்டம். அந்தக் காலத்தில் எல்லாம் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை.

கவனிக்க வேண்டிய விஷயம், தோட்டம் முடிகிற இடம். தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் வயல் கிடையாது, ஆறு கிடையாது, ரோடு கிடையாது. கடைசி நிரையின் கடைசிப் பால்மரத்துக்குப் பக்கத்தில் காட்டு மரம் நிற்கும். காட்டுக்குள் நுழைந்தவன் மலையேறி அந்தப் பக்கம் கிளந்தான், பகாங் வரைக்கும் மரத்தடியிலேயே போய்விடலாம். திரும்பி ஊர்ப் பக்கம் வந்தால் ரயில், ரோடு, ஈயச் சுரங்கம், கடைத்தெரு எல்லாம் கைக்கெட்டும் தூரம். காட்டில் ஒளிந்து சண்டை போட நினைத்தவனுக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. ஆனால் அந்தக் கடைசி நிரையில் இருட்டோடு நின்று பால் வெட்டியது ஒரு பெண். அவளுக்கும் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கும் நடுவில் இருபது அடி இருந்தால் அதிகம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி என் பாட்டி.

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. வேலி போட்டு, பலகை வைத்து, சுற்றுலாக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் பேத்தியைக் கூட்டிப்போய் எடுத்திருக்கிறேன். அந்த ஒன்று லட்சமாகி, கோடியாகி மலாயாவை மூடியபோது, வெட்டுவதற்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள் எங்கள் ஆட்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்துவந்த காலம் அது. 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் அனுப்புவதை நிறுத்தும்வரை அது ஓடியது. ஆபீசில் கிராணி என்றால் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளி, ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், பங்களாவில் வெள்ளைக்காரத் துரை. டவுனில் மளிகைக்கடையும் லாரியும் சுரங்கமும் சீனர்களிடம். ஆற்றோரக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், மலாய்க்காரர்கள். பிலுஸ் ஆற்றின் மேல்பகுதியில், எல்லாருக்கும் முன்னாலேயே இருந்த தெமியார் பூர்வகுடிகள். இத்தனை பேரும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். உங்கள் வரியிலோ துரையும் கம்யூனிஸ்டும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

இனி அந்த நாள். 1948 ஜூன் 16 ஒரு புதன்கிழமை. விடிவதற்கு முன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து, ஆட்கள் நிரைக்குப் போயாகிவிட்டது. காலை எட்டரை மணி வாக்கில் எல்பில் தோட்ட ஆபீசுக்குச் சைக்கிளில் மூன்று சீன இளைஞர்கள் வந்தார்கள். 'தாபே துவான்' என்று வணக்கம் சொன்னார்கள். பிறகு நிர்வாகி ஆர்தர் வாக்கரைச் சுட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் சுடப்பட்டார்கள். அன்றைக்கே பேராக்கில் அவசரகாலம் வந்தது. 18-ஆம் தேதி மலாயா முழுக்க. முடிந்தது 1960 ஜூலை 31.

எட்டரை மணிக்கு எங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? பால்காட்டில். மரம் வெட்டுவது முடியும் தறுவாயில் இருந்திருக்கும். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்திருக்கும். பத்து மணிக்கு மேல் தோளில் சுமக்கும் காண்டா வாளியோடு இன்னொரு சுற்று போய்ப் பால் எடுக்க வேண்டும். பாட்டியின் தோட்டத்துக்குச் செய்தி வந்தபோது அவள் பால் எடுத்துக்கொண்டிருந்தாளாம். வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஓடிவந்து எல்லாரையும் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, போகச் சொன்னாராம். பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "எடுக்காத பாலுக்குக் கூலி உண்டா?" இதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டில் எல்லாரும் சிரிப்போம். பேத்தி சிரிக்கவில்லை. "கூலி குடுத்தாங்களா?" என்று கேட்டாள். கொடுக்கவில்லை.

அவசரகாலம் என்ற பெயரே ஒரு விசித்திரம். பன்னிரண்டு வருஷம் நடந்தது, பீரங்கி சுட்டது, விமானம் குண்டு போட்டது. ஆனாலும் அதைப் போர் என்று சொல்லவில்லை. போர் என்றால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் லண்டன் காப்பீட்டுக்காரர்கள் நஷ்டஈடு தரமாட்டார்கள், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். எங்கள் பெரியவர்கள் அதை 'எமர்ஜென்சி' என்றும் சொன்னதில்லை. 'கம்பி வேலிக் காலம்' என்றுதான் பாட்டி சொல்லுவாள்.

அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் தோட்டம் போட்டுப் பிழைத்த சீனக் குடும்பங்களை, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெயர்த்துக்கொண்டு வந்து புதுக்கிராமங்களில் வைத்தார்கள். எங்கள் ஊரில் ரிம்பா பாஞ்சாங் அப்படி வந்த கம்போங் பாரு. இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, சரி. ஆனால் தோட்டத்து லயங்களுக்கும் இதேதான் நடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்த லயங்களைப் பிரித்துக் கொண்டுவந்து, ஸ்டோருக்கும் ஆபீசுக்கும் பக்கத்தில் ஒரே கும்பலாக வைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். ராத்திரியில் வெளிச்சம். மாரியம்மன் கோயில் வேலிக்கு வெளியே நின்றுபோனதால் சாமிக்கு விளக்கு வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பாள் பாட்டி. மலேசியத் தமிழர் எத்தனை லட்சம் பேர் சொந்த வேலையிடத்தில் வேலிக்குள் படுத்து எழுந்தார்கள் என்பதைப் பாடப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். புதுக்கிராமம் என்றவுடனே சீனர் என்று முடிந்துவிடுகிறது.

வேலி எதற்கு? காட்டுக்குள் சோறு போகாமல் இருக்க. அதனால் சோறுதான் முதல் எதிரி ஆனது. வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாடு எடுத்துப்போகக் கூடாது. விடியலில் வெறும் வயிற்றோடு போய் மத்தியானம் திரும்ப வேண்டும். வாசலில் சோதனை. வாளிக்குள் குச்சியை விட்டுக் கிளறுவார்கள், சைக்கிள் கைப்பிடிக் குழாயைக் கழற்றிப் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்க்கப் பெண் ஆட்கள் இருந்தார்கள். பாட்டி கர்ப்பமாக இருந்தபோது வயிற்றை அழுத்திப் பார்த்தார்களாம், அரிசி மூட்டையோ என்று. அந்த வயிற்றில் இருந்தது என் சித்தப்பா. கடைசிவரைக்கும் அவரை வீட்டில் 'அரிசி மூட்டை' என்றுதான் கூப்பிட்டோம்.

கடையில் டப்பா உணவு வாங்கினால் கடைக்காரரே அந்த இடத்தில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டப்பா ரெண்டு நாளில் கெட்டுப்போகும், காட்டுக்குள் அனுப்பிச் சேர்த்துவைக்க முடியாது. உங்கள் ஆசிரியர்கள் இதை 'உணவுக் கட்டுப்பாடு' என்று ஒரு சொல்லில் எழுதலாம். நான் இதை 1970-களில் எங்கள் வீட்டு அடுப்படியில் பார்த்தேன். பாட்டிக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். டவுனிலிருந்து கட்டிப்பால் டப்பா வாங்கி வந்தால், அன்றைக்குத் தேவையோ இல்லையோ, கத்தி முனையை வைத்துக் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டி எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டுவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். எறும்பு மொய்க்கும். அம்மா சத்தம் போடுவார். "எறும்பு வந்தா வரட்டும், மாத்தா மாத்தா வராம இருந்தாச் சரி" என்பாள். மாத்தா மாத்தா என்றால் போலீஸ். அவசரகாலம் முடிந்து பத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது அப்போது. அந்தக் கைக்கு மட்டும் முடியவில்லை.

இன்னொன்று, பாலைப் பற்றி. ஊரடங்கு உத்தரவு என்று எழுதுகிறீர்கள். பால்மரத்தில் வேலை செய்தவனுக்கு அதன் அர்த்தம் வேறு. மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடிவதற்கு முன்னே, குளிர்ச்சியாக இருக்கும்போது. வெயில் ஏற ஏற மரம் பாலை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் வெட்டுக்காரர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மூன்று, நான்கு மணிக்கே போய்விடுவார்கள். வேலி வாசல் திறக்க ஆறு மணி என்றால், அதற்குமேல் சோதனை முடிந்து நிரைக்குப் போய்ச் சேர ஏழு. நல்ல பால் போயே போய்விட்டது. மரம் அதே மரம், உழைப்பு அதே உழைப்பு, வாளியில் பால் குறைவு, எடைக்குக் கூலி குறைவு. அதே நேரம் 1950, 51-இல் கொரியப் போரினால் உலகச் சந்தையில் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. ஸ்டோரில் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய கிராணியாகச் சொல்கிறேன், அந்த ஏற்றத்துக்குத் தக்க பங்கை எங்கள் தோட்டத்து வேலிக்குள் இருந்தவர்கள் பார்க்கவே இல்லை.

சில நாள் விடிந்து போனால் மரங்கள் வெட்டுண்டு கிடக்கும். ராத்திரியில் காட்டுக்காரர்கள், அதாவது காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகள், வந்து, துரைக்கு நஷ்டம் வரட்டும் என்று, பட்டையைக் கட்டைவரைக்கும் கொத்திவிட்டுப் போயிருப்பார்கள். பட்டை திரும்ப வளர வருஷக்கணக்கில் ஆகும். துரைக்கு நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யாருடைய நிரை? அந்தப் பெண் நாளைக்கு எதை வெட்டுவாள்?

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது எங்கள் லயத்தைப் பார்த்துச் சொன்னதுதான். பகலில் போலீஸ்காரன் "அரிசி குடுத்தியா?" என்று கேட்பான். ராத்திரி காட்டுக்காரன் "எங்களைக் காட்டிக் குடுத்தியா?" என்று கேட்பான். இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி. அடையாள அட்டை அந்தச் சமயத்தில் வந்ததுதான். இன்று பேங்கிலும் கிளினிக்கிலும் நீட்டுகிறோமே, அந்த ஐசியின் பிறந்த வருஷம் 1948. அது இல்லாமல் பிடிபட்டால் போலீசிடம் வம்பு. இருந்தால் காட்டுக்காரன் பிடுங்கிக் கிழிப்பான். 1948 டிசம்பர் 12-இல் சிலாங்கூரில் பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்தில் 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக்கொன்றார்கள். சந்தேகம் ஒன்று போதும் என்பது எல்லா லயத்துக்கும் புரிந்த நாள் அது. அரசாங்கக் கணக்குப்படியே பன்னிரண்டு வருஷத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478 பேர், காணாமல் போனவர்கள் 810 பேர். பூர்வகுடிகளின் கதை இதிலும் மோசம். மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து வெயிலில் கொட்டகை போட்டு அடைத்தபோது நோய் கண்டு செத்தவர்கள் ஏராளம். தெமியார் நண்பர் ஒருவர் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "உங்களுக்காவது லயம் பழக்கம்." அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

எங்கள் ஆட்கள் சும்மா கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள், போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. அதைப் பார்த்துவிட்டு உயிரோடு இருந்தவர்கள், போர் முடிந்ததும் பழையபடி துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிட மறுத்தார்கள். சங்கம் வைத்தார்கள், ஸ்டிரைக் செய்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தவர் எஸ். ஏ. கணபதி என்ற தமிழர், தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அவர் செய்தது சரியா தவறா என்று பிள்ளைகள் வகுப்பில் சண்டை போடட்டும், நல்லதுதான். ஆனால் சண்டை போடுவதற்காவது அவர் பெயர் தெரிய வேண்டாமா? அவசரகாலம் அந்தச் சங்கங்களைத் துடைத்துவிட்டது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வரும்வரை தோட்டத்தில் பலமாகப் பேச ஆள் இல்லை.

இங்கே ஒரு தற்செயலைச் சொல்லாமல் போகக் கூடாது. துன் வீ. தி. சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். சுங்கை சிப்புட்டில் அவர் பிறந்த நாள் 1919 ஜூன் 16. ஆமாம், அதே ஜூன் 16. துப்பாக்கி வெடித்த அன்று அவருக்கு இருபத்தொன்பது வயது நிறைந்தது. பிறகு ம.இ.கா. என்ற இந்தியர் கட்சியின் தலைவராகி, மந்திரியானார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கினவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடல் என்றால் எங்களுக்கு வேலையும் போயிற்று, லயமும் போயிற்று என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். என் அப்பாவும் கட்டினார். அந்தச் சிறு புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே தேதி, இரண்டு கதை. பாடநூலுக்கு ஒன்று மட்டும் கிடைத்திருக்கிறது.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன், அது வேறு ஒரு மடலுக்கான விஷயம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் என்றார்கள். எங்கள் லயத்திலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினவர்கள் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியாகி டவுனில் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளும் அடுக்குவீடும் வந்தன. இப்போது தோட்டத்தில் வேலை செய்வது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயரில்தான் அந்தத் தோட்டம் எங்களிடம் மிச்சம் இருக்கிறது.

கொல்லப்பட்ட மூன்று பேரின் கல்லறையும் பத்து காஜா என்ற ஊரில் இருக்கிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குக் 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' என்று பெயர். வருஷா வருஷம் ஜூன் மாதம் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது, ராணுவத்தார் வருகிறார்கள், மலர்வளையம் வைக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். புல்லெல்லாம் ஒழுங்காக வெட்டி, கல்லெல்லாம் வரிசையாக, பெயர் படிக்கும்படி இருந்தது. எனக்குப் பொறாமை இல்லை. செத்தவனுக்கு மரியாதை செய்வது நல்ல பழக்கம், அந்த இயன் கிறிஸ்டியன் சின்ன வயசுப் பையன். ஆனால் திரும்பி வரும்போது எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டை நினைத்துக்கொண்டேன். அங்கே இப்போது செம்பனை நிற்கிறது. பாட்டியை எரித்த இடம் எது என்று என்னால் கைநீட்டிக் காட்ட முடியும். பேத்தியால் முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லவில்லை, அது நடந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் ஊரின் ஒரு படம் போடுங்கள்: ரயில், சாலை, பிலுஸ் ஆறு, தோட்டம், காடு, வேலி. எந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்று குறியுங்கள். 'தோட்ட நிர்வாகிகள்' என்று எழுதுகிற இடத்தில், அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் என்று இன்னொரு பத்தி வரட்டும். டப்பாவில் ஏன் ஓட்டை போட்டார்கள் என்று ஒரு கேள்வி வைத்தால்கூடப் போதும். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள், பேத்தி அதைத்தான் முதலில் போய்த் தோழிகளிடம் சொன்னாள்.

எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும் என்பீர்கள். நியாயம். துரைமார் நினைவுக் குறிப்பு எழுதினார்கள், ராணுவம் அறிக்கை எழுதியது, கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கூடத் தன் பக்கத்துக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கைநாட்டு. அவர்கள் எழுதிவைக்கவில்லை, ஆனால் சொன்னார்கள். சில வருஷத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதம் போட்டேன், வந்து பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று. எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம். 'தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலனை முடிவதற்குள் என் பட்டியலில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம். போன தடவை நானே தோள் கொடுத்தேன்.

மிச்சம் இருப்பவர் எங்கள் லயத்துப் பெரியம்மா. வயது எண்பத்தேழு. வேலி போட்டபோது பன்னிரண்டு வயதுப் பெண், பால் எடுக்க அம்மாவுக்கு உதவியாகப் போனவர். வாசலில் யார் நின்றார்கள், கதவு எந்தப் பக்கம் திறக்கும், ராத்திரி நாய் குரைத்தால் அடுப்பை எப்படி அணைப்பார்கள், எல்லாம் சொல்வார். கொஞ்சம் காது மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும். மலாய் நன்றாகவே பேசுவார், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ், அன்றைக்கு வராதீர்கள், களைத்துப்போய்ப் படுத்துவிடுவார். செவ்வாய் அல்லது வியாழன், காலை ஒன்பது மணிக்கு முன்னால் வந்தால் தெளிவாகப் பேசுவார். ஊருக்குள் நுழைந்ததும் ரயில் நிலையத்தில் நின்றுகொள்ளுங்கள், நான் வந்து கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்